நேரில் விசாரித்ததில்

ஜூன் 7, 2025

சாரல் தொடங்கிவிட்டது. காலையில் மாடியில் காயப்போட்ட வேட்டியை மத்தியானம் எடுத்தால், போட்டபோது இருந்ததைவிட ஈரமாக இருக்கிறது. குற்றாலத்துக்காரனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. இனி மூன்று மாதத்துக்கு எங்கள் வீட்டு மாடி காலியாக இருக்காது.

உமா போனில் ஸ்ரீமதியோடு முக்கால் மணி நேரம் பேசினாள். நான் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தத்தை மட்டும் வைக்கவில்லை. சத்தமில்லாமல் செய்தி பார்ப்பது தலைக்கு நல்லது என்று உமாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவள் நம்பவில்லை.

நானும் என் மகளும் பேசி நாலு மாதம் ஆகிறது. பிரிஸ்டலில் இன்ஜினியராக இருக்கிறவள், பிப்ரவரியில் ஒரு நாள் டேனியல் என்று ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். பாளையங்கோட்டையில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் ஏதாவது ஒரு டேனியல் மேல்தான் விழும். அதில் ஒருத்தன்தான் என்று நினைத்து, அதற்கே ஒரு பாட்டம் கத்தினேன். நான் கத்தி முடிக்கிறவரை பொறுத்திருந்துவிட்டு, "அப்பா, அவன் இங்கிலீஷ்காரன்" என்றாள். மறுபடி முதலிலிருந்து கத்தத் தெம்பில்லை. போனை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் அவள் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. இப்போது அவளும் கூப்பிடுவதில்லை.

ஜூன் 9

ஆட்டோ முகம்மது கனி வந்தான். சீசனில் மாடிக்கு ஆள் கொண்டுவருகிறவன் அவன்தான்.

"அண்ணாச்சி, ஒரு பார்ட்டி இருக்கு. புருசன் பொண்டாட்டி, எட்டு நாளு. ஆனா வெள்ளைக்காரவ. கொல்லத்துலேருந்து மலை ரயில்ல செங்கோட்டை வாராவ. வேண்டாம்னா லாட்ஜுல விட்டுருதேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரச்சொல் என்று வந்தது.

முப்பத்தொரு வருஷம் வருவாய்த் துறையில் இருந்தவன் நான். ஆலங்குளத்தில் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். அத்தனை வருஷமும் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதினேன் என்று சொல்லலாம்: 'மனுதாரரை நேரிலும் அக்கம்பக்கத்திலும் விசாரித்ததில் தெரியவருவதாவது.' விசாரிக்காமல் ஒரு பிறப்புச் சான்றிதழில்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. அப்படிப்பட்டவன் வீட்டு மாடிக்கு, மகள் கட்டிக்கொள்ள நினைக்கிற சாதியிலிருந்து இரண்டு சாம்பிள் தானாக வருகிறது. விடுவேனா?

ஜூன் 11

தென்காசிக்குப் போய்க் கார்ன்ஃபிளேக்ஸ், முள்கரண்டி நாலு, பாத்ரூம் பேப்பர் ஒரு கட்டு, ஜாம் பாட்டில் வாங்கி வந்தேன். உமா எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு, "வாரது கவர்னரா?" என்றாள்.

நாளைக்கு ஷேவ் பண்ண வேண்டும்.

ஜூன் 12

வந்துவிட்டார்கள். கிரஹாம், பாம். இருவருக்கும் அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். துரையை எதிர்பார்த்து வாசலில் நின்றேன். வந்தவர் அரைக்கால் சட்டையும், கழுத்தில் நனைந்த துண்டுமாக, தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார். கனி பிடுங்கப் போனான், கொடுக்கவில்லை.

என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். போஸ்ட்மேனாம். முப்பத்தெட்டு வருஷம் வீடு வீடாகத் தபால் போட்டாராம். அதைப் பெருமையாக வேறு சொல்லுகிறார்.

சாயங்காலம் தெருவில் கேட்டவர்களிடம், 'தபால் துறையில் பெரிய பொறுப்பு' என்று சொல்லிவைத்தேன். அவர் போஸ்ட்மேனாக இருந்தால் எனக்கு என்ன கௌரவக் குறைச்சல்? தெரியவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன்.

ஜூன் 13

கார்ன்ஃபிளேக்ஸை அவர்கள் தொடவில்லை. அதைத் தினமும் ஊரில் தின்கிறோம், இட்லி கிடைக்குமா என்று கேட்டார்கள். கார்ன்ஃபிளேக்ஸை நான் தின்றேன். வாங்கியாயிற்றே.

சாப்பிடும்போது கவனித்ததில், ஒரு காலைச் சாப்பாட்டுக்குள் பதினேழு 'தாங்க்யூ'. சட்னியை நகர்த்தினால் தாங்க்யூ. புருஷன் தண்ணீர் ஊற்றினால் பெண்டாட்டி தாங்க்யூ. நாற்காலியில் இடித்துக்கொண்டு நாற்காலியிடம் 'சாரி'.

சாரலைப் பெருமையாகக் காட்டினேன். மேற்கே மலை தெரியவில்லை, மேகம் அப்படியே இறங்கி நிற்கிறது, பூவாகத் தூவுகிறது. மெட்ராஸ்காரனாக இருந்தால் இந்நேரம் மாடியில் நின்று கையை விரித்துக் கூத்தாடியிருப்பான். பாம் அம்மாள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். இதிலிருந்து தப்பிக்கத்தான் அவர்கள் ஊரில் எல்லோரும் வெளிநாட்டுக்கு லீவு எடுத்துப் போவார்களாம்.

கனியிடம் சொன்னேன். அவனுக்கு மனசே விட்டுப்போய்விட்டது. "நாம சாரலை வித்துப் பொழைக்கோம். இவுக வீட்டுல அது சும்மா கெடக்காம்" என்றான்.

ஜூன் 14

பேரருவிக்கு நானே கூட்டிப்போனேன். சனிக்கிழமைக் கூட்டம். போலீஸ் விசில் ஊதிக்கொண்டே இருந்தார்கள். பாம் அம்மாளைப் பெண்கள் பக்கம் நாலு கல்லூரிப் பெண்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அருவியில் நிறுத்திவிட்டார்கள். கிரஹாம் மட்டும் வரிசையில் நின்றார். அருவியில் ஏது வரிசை? அவர் வரிசை என்று நினைத்தது, செருப்புக்குக் காவல் நின்ற ஓர் ஆளின் முதுகு. அந்த ஆளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் மரியாதையாக நின்றிருக்கிறார். அருவிக்கு வந்து நனையாமல் நின்ற ஒரே மனிதன்.

கடைசியில் எண்ணெய் தேய்க்கிற மாடக்கண்ணுதான், "ஏ தொர, இங்கன வாரும்" என்று பிடித்து உட்காரவைத்து, அரை மணி நேரம் தட்டித் தேய்த்து, அப்படியே அருவிக்குள் தள்ளிவிட்டான். வெளியே வந்தபோது கிரஹாம் சிவந்து பளபளத்தார். மாடக்கண்ணு என் காதில், "நம்மள ஆண்ட ஆளுகளா அண்ணாச்சி இவுக? ஒடம்புல ஒரு பிடி சதை இல்லையே" என்றான்.

திருவேங்கடத்திலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பம் ஒன்று, கைக்குழந்தையை அவர் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தது. குழந்தை வீறிட்டு அழுதது. அவர் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஜூன் 16

ஐந்தருவிக்கு நடந்தே போனார்களாம். ஆட்டோ வேண்டாம் என்றதைக் கனியால் தாங்க முடியவில்லை. போகவர முழுத் தூரமும் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். 'காசுக்காக இல்ல அண்ணாச்சி, ஊருக்குக் கெட்ட பேரு' என்கிறான்.

வழியில் பழைய கம்பெனி காலத்துப் பங்களாவைக் காட்டி, "இது ஒங்க தாத்தா கட்டுனது" என்று சொல்லியிருக்கிறான். தன் தாத்தா வீடு வீடாகப் பால் ஊற்றியவர், அவருக்குச் சொந்த வீடே கிடையாது என்றாராம் கிரஹாம். கனி அதை நம்பவில்லை. 'தன்னடக்கம்' என்கிறான்.

ஜூன் 17

முத்துவடிவு கடையில் அவர்களுக்காக மங்குஸ்தான் வாங்கப் போனேன். ஐந்தருவி ரோட்டில் இருபது வருஷமாகப் பழக்கடை போட்டிருக்கிறாள். வெள்ளைக்காரர்கள் என்றால் இரண்டு பழம் கூடப் போடுகிறாள். "வெயிலே காணாத ஒடம்பு அண்ணாச்சி. அவிச்ச கெழங்கு மாதிரில்லா இருக்காவ, பாவம்." நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழம் குறைத்துப் போடுகிறவள்!

அப்படியே, "மக எப்போ வாரா?" என்றாள்.

வேலை அதிகம், லீவு இல்லை, மழை வலுக்கும்போல இருக்கிறது என்று ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பழத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பப் போகக் கூச்சமாக இருந்தது.

ஜூன் 18

சோதனைக்காக இன்று காப்பி கொண்டுவந்த உமாவிடம், "தாங்க்ஸ்" என்றேன். முப்பத்துமூன்று வருஷத்தில் முதல் முறை.

நின்றுவிட்டாள். "பிரஷர் மாத்திரை போட்டியளா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூன் 19

செய்துவிட்டேன். சரியா தப்பா தெரியவில்லை.

கிரஹாமின் ஊர் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு மைலாம். தென்காசிக்கும் ஆலங்குளத்துக்கும் உள்ள தூரம்கூட இல்லை. என் சொந்த ஊர் இலத்தூர். இலத்தூரில் எவனைப் பற்றிக் கேட்டாலும் ஆலங்குளத்து டீக்கடையில் பத்து நிமிஷத்தில் தகவல் எடுத்துவிடுவேன். எனக்குப் பெண் கொடுப்பதற்கு முன்னால் என் மாமனாரும் அப்படித்தான் செய்தார். மாடு வாங்குகிற ஆள் மாதிரி ஒருவரை இலத்தூருக்கு அனுப்பி மூன்று நாள் விசாரித்தார். 'பையன் தங்கம், வாய்தான் ஆகாது' என்று சொல்லியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியவந்ததே கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து. விசாரணை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ஆகவே மாடியில் வைத்துக் கிரஹாமிடம் விஷயத்தைச் சொன்னேன். எனக்கு வேண்டிய ஒருவரின் மகளுக்காக என்று ஆரம்பித்தேன். பாம் அம்மாள் என் கையைத் தொட்டு, "உங்கள் மகளா?" என்றாள். ஆமாம் என்றேன்.

நேற்றே டைப் அடித்து வைத்திருந்த ஐந்து கேள்வியைக் கொடுத்தேன். வீடு சொந்தமா வாடகையா. குடி உண்டா. பெற்றவர்களை மதிப்பது உண்டா. முன்னால் கல்யாணம் கில்யாணம் உண்டா. கோபம் வருமா. கீழே டேனியலின் அப்பா அம்மா விலாசம். உமாவின் போனிலிருந்து திருடியது.

எங்கள் தெருவில் அடுத்த வீட்டுக்காரர் பெயரே எனக்குத் தெரியாது என்று தயங்கினார் கிரஹாம். முப்பத்தெட்டு வருஷம் வாசல் வாசலாகப் போனவர் நீங்கள், உங்களால் முடியாதா என்றேன். அது அவரைத் தொட்டுவிட்டது. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையைத் தட்டிக்காட்டினார்.

ஜூன் 20

கிளம்பிவிட்டார்கள். வாசலில் பாம் அம்மாள் உமாவைக் கட்டிப்பிடித்தாள். உமா தடி மாதிரி நின்றுவிட்டு, ஆட்டோ திரும்பின பிறகு அழுதாள். எதற்கு என்றேன். "எம்மகளும் அங்கன இப்படித்தான் எல்லாரையும் கட்டிப்பிடிச்சுட்டுத் திரியுவாளா இருக்கும்" என்றாள்.

ஜூலை 4

தகவல் இல்லை. நல்ல விசாரணைக்கு நாள் பிடிக்கும்.

ஜூலை 13

செத்தேன்.

காலையில் வாட்ஸ்ஆப்பில் படம். நடுவில் மேஜை, மேஜையில் தேநீர், கேக். ஒருபக்கம் கிரஹாமும் பாமும். எதிரில் முன்பின் தெரியாத ஓர் ஆணும் பெண்ணும். நாலு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். கீழே கிரஹாம் எழுதியிருக்கிறார்: டேனியலின் பெற்றோரை நேரில் சந்தித்தோம், மிக நல்ல மனிதர்கள், குற்றாலத்திலிருந்து நீங்கள் விசாரிக்கச் சொன்னதாகச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள், உங்கள் ஐந்து கேள்விக்கும் அவர்களே பதில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அவர்களே! அவர்கள் கையாலேயே!

ரகசியமாக விசாரிக்க வேண்டும் என்று நான் கிரஹாமிடம் சொல்லவில்லை. அதை ஒருத்தன் சொல்லுவானா? அடுப்பு சுடும் என்று யாராவது டைப் அடித்துக் கொடுப்பார்களா? ஆனால் யோசித்தால் தப்பு அந்த மனுஷன் மேல் இல்லை. தபால்காரர் கையில் விலாசத்தையும் காகிதத்தையும் கொடுத்தால் என்ன செய்வார்? கொண்டுபோய் அந்த வீட்டில் சேர்ப்பார். முப்பத்தெட்டு வருஷம் அதைத்தானே செய்தார்.

ஸ்ரீமதிக்குத் தெரிந்திருக்கும். இந்நேரம் தெரிந்திருக்கும். என்ன செய்ய? என்னத்தச் செய்ய இனி?

ஜூலை 14

பதினொன்றரைக்குப் போன் வந்தது. உமாவின் போனுக்கு இல்லை, என் போனுக்கு. எடுத்தேன்.

"அப்பா, என் மானத்தக் கப்பலேத்திட்டீங்க" என்று ஆரம்பித்தாள். நிறையச் சொன்னாள். எல்லாம் நியாயம். டேனியலின் அம்மா அந்தக் காகிதத்தைச் சமையலறை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாளாம். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாளாம். கடைசியில் குரல் இறங்கிவிட்டது.

"அஞ்சு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. ஒரு போஸ்ட்மேன்கிட்டப் பேசியிருக்கீங்க."

ஏதாவது பேச வேண்டுமே என்று, "சாப்பிட்டியாட்டி?" என்றேன்.

பிறகு, "இங்க மணி காலைல ஏழுப்பா" என்றாள்.

"சரி. சாப்பிட்டுட்டு வந்து திட்டு. நான் இங்கனதான் இருப்பேன்."

சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. எனக்கு என் சத்தமே பெரிசாக இருந்தது. அரை மணியில் மறுபடி கூப்பிட்டாள். இட்லி மாவு அங்கே பாக்கெட்டில் கிடைக்கிறதாம்.

என் பிள்ளை குரலைக் கேட்டு அஞ்சு மாசம். சத்தமில்லாத டி.வி. பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டதெல்லாம் கணக்கில் சேராது. என்ன மடத்தனம் பண்ணிக்கொண்டிருந்தேன்!

ஜூலை 16

கிரஹாம் படம் எடுத்து அனுப்பியிருந்த பதில்களை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். டேனியலின் அம்மா ஹெலனின் கையெழுத்து, நீல மசி.

வீடு சொந்தம், ஆனால் பாதி பாங்க்குக்குச் சொந்தம். குடி: வெள்ளிக்கிழமை உண்டு, மறைக்க விரும்பவில்லை. பெற்றவர்களை மதிப்பது: ஞாயிறு தவறாமல் வருவான், சாப்பிடுவான், எல்லோருடைய தட்டையும் கழுவிவைத்துவிட்டுப் போவான். கல்யாணம்: இல்லை; உங்கள் மகள் சம்மதித்ததே எங்களுக்கு ஆச்சரியம். கோபம்: யாராவது ஸ்ரீமதியின் பெயரைத் தப்பாக உச்சரித்தால் வரும்.

அடியில் ஒரு வரி: 'உங்களைப் பற்றி நாங்கள் யாரிடம் விசாரிப்பது?'

மூன்று தடவை படித்தேன். இத்தனை வருஷத்தில் தன் குடும்பத்தைப் பற்றி உண்மை எழுதின ஒரு மனுதாரரை நான் பார்த்ததில்லை. எந்தக் கோப்பில் வைப்பது என்றே தெரியவில்லை.

ஆகஸ்ட் 3

"முடிவா என்ன சொல்லுதிய?" என்றாள் உமா.

"பரிசீலனையில் இருக்கு."

"எத்தனை பேரு கோப்பை இப்படி அமுக்கி வச்சிருந்திருப்பிய" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 24

ஞாயிறு. என் தட்டை நான் கழுவினேன். உமா மறுபடி கழுவினாள்.

அக்டோபர் 26

பொங்கலுக்கு ஸ்ரீமதி, டேனியல், அவன் அப்பா அம்மா நாலு பேரும் வருகிறார்களாம். நான் சரி என்றால் கல்யாணப் பேச்சு, இல்லையென்றால் குற்றாலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்களாம். "உங்க சம்மதம் இல்லாம பண்ண மாட்டேன்பா. ஆனா வேற யாரையும் பண்ண மாட்டேன்" என்கிறாள். நல்ல கிடுக்கிப்பிடி. வரட்டும், பார்ப்போம் என்றேன்.

டிசம்பர் 28

குற்றாலம் முழுக்க அய்யப்ப சாமிகள். முத்துவடிவு கடையில் செவ்வாழை வாங்கும்போது, "பொங்கலுக்கு வெள்ளைக்காரவ வாராவளாமே?" என்றாள். ஆமாம், மாடிக்கு டூரிஸ்ட் என்றேன்.

டூரிஸ்ட்! வாய் கூசவில்லை எனக்கு. என் மகளைக் கட்ட வருகிறவன் என்று சொன்னால் இந்த ஊர் என்ன செய்துவிடும்? ஒன்றும் செய்யாது. எனக்குத்தான் நாக்கு எழவில்லை. செவ்வாழையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஜனவரி 11, 2026

பதினாலாம் தேதிதான் எல்லோரும் வருகிறார்கள். பனங்கிழங்கும் மஞ்சள்குலையும் சொல்லிவிட்டு முத்துவடிவு கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நேத்து ஒரு வெள்ளைக்காரப் புருசனும் பொண்டாட்டியும் வந்தாவ. போன்ல ஒங்க படத்தைக் காட்டி, ஆளு எப்படின்னு கேட்டாவ. கனிதான் அவுக பேச்சை எனக்கும் எம்பேச்சை அவுகளுக்கும் மாத்திச் சொன்னான்."

டேனியலின் அப்பா அம்மாவேதான். நாலு நாள் முன்னாலேயே வந்து, தென்காசி லாட்ஜில் தங்கி, என்னை விசாரிக்கிறார்கள்! மாடக்கண்ணுவிடம் கேட்டிருக்கிறார்கள். பால்காரரிடம் கேட்டிருக்கிறார்கள். என் மகள்தான் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

"நீ என்ன சொன்னே?"

"விசாரிக்க வந்தவகிட்ட சொன்னதை வெளிய சொல்லலாமா அண்ணாச்சி? ரகசியம்லா."

கனியைப் பிடித்தேன். "அல்லா மேல ஆணையா சொல்ல மாட்டேன்" என்று ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். முப்பத்தொரு வருஷம் ஊரையே விசாரித்தவன் ரோட்டில் நின்றேன். என்னைப் பற்றி யார் என்ன சொல்லியிருப்பார்கள்? வாய்தான் ஆகாது என்றா? எத்தனை பேரை ஆபீஸில் அலையவிட்டிருக்கிறேன். இந்தத் தெருவிலேயே வாரிசுச் சான்றுக்கு நாலு மாதம் நடந்தவர் இருக்கிறார். எனக்கு இன்று அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

ஜனவரி 12

காலையில் கேட் சத்தம். சாரமும் பனியனுமாகப் போய்த் திறந்தேன். அவர்களேதான். ஹெலன் சிரித்துக்கொண்டு, விசாரணை முடிந்துவிட்டது என்று காகிதத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். விசாரித்ததை விசாரிக்கப்பட்டவனிடமே கொடுக்கிற ஜனங்கள்! இவர்களை என்ன செய்ய? உமா அவர்களை உள்ளே கூப்பிட்டுக் காப்பி போடப் போனாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன்.

என்னுடைய அதே ஐந்து கேள்விகள்.

வீடு: சொந்தம், அருவிச் சத்தம் கேட்கும். குடி: காப்பி மட்டும், நாளைக்கு ஆறு. பெற்றவர்களை மதிப்பது: அவர்கள் இப்போது இல்லை, மனைவியை மதிக்கப் போன வருஷம் முதல் கற்றுக்கொண்டு வருகிறார். முன்னால் கல்யாணம்: இவருக்கா என்று பால்காரர் சிரித்தார்.

கோபம் வருமா என்பதற்கு முத்துவடிவு சொன்னதை ஹெலன் அப்படியே எழுதியிருக்கிறாள்: 'கோபக்காரர்தான். ஆனால் மகள் எப்போது வருகிறாள் என்று கேட்டால் போதும், பேச்சை மாற்றிவிட்டு, காசு கொடுத்து வாங்கின பழத்தை இங்கேயே மறந்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வருஷமாக இப்படித்தான். நானும் வேண்டுமென்றே கேட்பதில்லை, சில நாள் வாய் தவறிவிடும். பழத்தை எடுத்து வைத்துக் கனி மூலமாக வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அவர்களும் அவரிடம் சொல்ல மாட்டார்கள்.'

நான் அந்தப் பழங்களைத் தின்றிருக்கிறேன். உமா வாங்கி வந்தது என்று நினைத்து.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து, அந்தக் காகிதத்தின் பின்பக்கம் பழைய வழக்கப்படி எழுதினேன்:

'மனுதாரர் ஸ்ரீமதியின் வேண்டுகோள் தொடர்பாக, அவருடைய தகப்பனார் தில்லைநாயகத்தை நேரிலும் அக்கம்பக்கத்திலும் விசாரித்ததில், மேற்படியார் ஒரு முட்டாள் என்பதும், மகள்மேல் உயிரை வைத்திருப்பவர் என்பதும், இது அவரைத் தவிர ஊரில் அனைவருக்கும் தெரியும் என்பதும் தெரியவருகிறது. மனு பதினொரு மாதம் தாமதிக்கப்பட்டதற்கு அவரே பொறுப்பு. ஆட்சேபணை இல்லை.'

கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, படம் எடுத்து ஸ்ரீமதிக்கு அனுப்பிவிட்டுக் காப்பி குடிக்க உள்ளே போனேன்.